ஓட்டுநர் இல்லாத டம்பர்களோடு வேலை பார்த்தவர்களின் அனுபவங்கள்

தாழையூத்து, ஓய்வுபெற்ற சுரங்க ஃபோர்மேன்:

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லும் தாதும் சுமக்கும் பெரிய லாரிகளான டம்பர்கள், ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடுவது வெளிநாட்டுச் சுரங்கங்களில் வழக்கமாகிவிட்டது என்று படிக்கும்போதெல்லாம், எங்கள் ஓட்டுநர்கள் எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்காமல் செய்துவந்த வேலைகளை அந்த வண்டிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த காலையில், காலி வண்டியோடு முதலில் இறங்குகிறவர் ரேம்பின், அதாவது குழிக்குள் இறங்கும் சரிவுச் சாலையின், பாதியிலேயே பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பார். வழுக்கினால் மேலே சொல்லி அனுப்பி, கிரஷர் பொடியைப் பரப்பச் செய்த பிறகுதான் அடுத்த வண்டி இறங்கும். கொட்டும் இடத்தில் விளிம்புக் கரை மழையில் கரைந்திருந்தால், அதை நம்பிப் பின்னால் வராமல் உள்ளே தள்ளிக் கொட்டிவிட்டு டோசரைக் கூப்பிடுவார். இந்த எச்சரிக்கை உணர்வுக்கு யாரும் அவர்களுக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்ததில்லை. ஓட்டுநரை இறக்கிவிட்ட சுரங்கங்களில் அது எங்கே போயிற்று? அங்கே வேலை பார்த்தவர்கள் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி, தற்போது மேற்கு ஆஸ்திரேலியா:

அண்ணாச்சி கேட்டதற்கு நான் பார்த்த அளவில் பதில் எழுதுகிறேன். பில்பாரா என்ற இரும்புத்தாது வட்டாரத்தில் முதலில் டம்பர் ஓட்டினேன். இப்போது ஓட்டுநர் இல்லாத டம்பர்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறேன். திசையன்விளைப் பக்கத்துத் தேரியைப் போல, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் சிவந்த மண் உள்ள நாடு இது. சிலி நாட்டின் காப்ரியேலா மிஸ்திரால் செம்புச் சுரங்கத்தில் 2008-இல் இவ்வகை வண்டிகள் முழு அளவில் ஓடத் தொடங்கின. அதே ஆண்டின் இறுதியில் பில்பாராவின் வெஸ்ட் ஏஞ்சலாஸ் சுரங்கத்தில் ரியோ டின்டோ நிறுவனம் சோதனை ஓட்டத்தைத் தொடங்கியது. தன்னுடைய தானியங்கி வண்டிகள் சுமந்த பாரம் 100 கோடி டன்னை எட்டியதாக 2018 தொடக்கத்தில் அந்நிறுவனம் அறிவித்தது. 2017-இல் அவை ஒவ்வொன்றும் ஓட்டுநர் உள்ள வண்டியைவிடச் சராசரியாக 700 மணி நேரம் கூடுதலாக ஓடின என்பதும் அவர்கள் கொடுத்த கணக்குதான். சாப்பாட்டு நேரமும் ஷிப்ட் மாற்றமும் இல்லாத வண்டி அப்படி ஓடுவதில் வியப்பில்லை.

ஆனால் வண்டி வருவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது என்பதைத்தான் வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. செயற்கைக்கோள் உதவியால் தான் நிற்கும் இடத்தை மிகத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, மையக் கணினி ஒதுக்கிய தடத்தில் வண்டி செல்கிறது. எதிரே தடை உண்டா என்று ரேடாரும் லேசரும் பார்க்கின்றன. வயர்லெஸ் தொடர்பு அறுந்தால் நின்றுவிடுகிறது. ஆகவே சாலைகள் எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும், சுரங்கக் குழியின் எந்த மூலையிலும் தொடர்பு கிடைக்கும்படி கோபுரங்களை நிறுத்தி, குழி ஆழமாக ஆக அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தானியங்கிப் பகுதியைச் சுற்றி எல்லை வகுத்து வாயில் வைக்க வேண்டும். அந்த வாயிலுக்குள் நுழைகிற ஜீப், சாலையைச் சமன்செய்யும் கிரேடர், தண்ணீர் வண்டி எல்லாவற்றிலும் தன் இருப்பைக் கணினிக்குச் சொல்லும் கருவி இருந்தாக வேண்டும்.

ஓட்டுநரின் அனுபவ அறிவு எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். பாதி வரைபடத்துக்குள் போயிற்று. மீதி ஆட்களிடமே இருக்கிறது. ரேம்ப் ஈரமாக இருக்கிறது என்பதை வண்டி முன்கூட்டி உணர்வதில்லை. தரையில் இருக்கும் ஒருவர் சாலையைச் சுற்றிப் பார்த்துச் சொன்ன பிறகுதான், நாங்கள் அந்தத் தடத்தின் வேகத்தைக் குறைக்கிறோம். அந்த வேலைக்குப் பழைய டம்பர் ஓட்டுநர்களே மிகச் சிறந்தவர்கள் என்பது என் உறுதியான கருத்து. யாரும் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. ஆட்கள் ஓட்டும்போது ஒருவர் சற்று இடப்புறமாகவும் இன்னொருவர் சற்று வலப்புறமாகவும் செல்வதால் சாலை சீராக அமுங்கும். இந்த வண்டிகளோ ஒன்றன் தடத்திலேயே இன்னொன்று பிசகாமல் சென்றதால் சக்கரம் பதிந்த இடமெல்லாம் பள்ளமாயிற்று. தடத்தை அவ்வப்போது சிறிது நகர்த்திக் கொடுத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆபத்து குறைந்ததா என்றால், டம்பரில் இருந்தவருக்கு முழுவதும் நீங்கியது; மற்றவர்களுக்கு அது வேறு வடிவம் எடுத்தது. 2014-இல் இந்த மாநிலத்தின் சுரங்கம் ஒன்றில், ஆள் ஓட்டிய தண்ணீர் வண்டியும் ஓட்டுநர் இல்லாத டம்பரும் சாலைச் சந்திப்பில் மோதிக்கொண்டன. டம்பர் தனக்கு ஒதுக்கப்பட்ட வழியில்தான் திரும்பியது; அது திரும்பப்போவது தண்ணீர் வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. இரண்டு ஓட்டுநர்கள் எதிரெதிரே வரும்போது கையசைத்தோ விளக்கை மின்னவைத்தோ ஒருவர் எண்ணத்தை மற்றவர் அறிந்துகொள்வார்கள், அந்த வாய்ப்பு இங்கே இல்லை. ஆகவே சாலைத் திட்டத்தில் செய்யும் எந்த மாற்றமும், எவ்வளவு சிறியதானாலும், களத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் எட்டியாக வேண்டும். மறு ஆண்டே மாநில அரசு தானியங்கிச் சுரங்க வேலைக்கென்று தனி நடைமுறைத் தொகுப்பை வெளியிட்டது.

என்னோடு ஓட்டியவர்களில் சிலர் கட்டுப்பாட்டு அறைக்கும் சாலைப் பராமரிப்புக்கும் வந்தார்கள், சிலர் வேறு சுரங்கங்களுக்குப் போனார்கள், சிலருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

பணகுடி, கல்குவாரி மேட் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்):

நான் எழுதுவது நம் பக்கத்துக் குவாரிகளைப் பற்றியது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து நால்வர் இறந்ததை எங்கள் நெல்லை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சிக்கிக்கொண்டவர்களில் வண்டி ஓட்டுபவர்களும் இருந்தார்கள். பாறைச் சுவருக்குக் கீழே ஒரு உயிராவது குறைவாக நிற்கும் என்பதற்காகவே இந்த வண்டிகளை நான் மனதார வரவேற்பேன். ஆனால் அதே சுவருக்குக் கீழே கம்ப்ரஸர் வைத்துத் துளை போடுகிறவர் நின்றுகொண்டுதான் இருப்பார். பக்கச்சுவரைப் படிப்படியாக வெட்ட வேண்டும் அல்லது சரிவாக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. அதைச் செய்யாத குழியில் எந்த வண்டியை இறக்கியும் பயன் இல்லை.

மேலும், பில்பாராவின் அகன்ற சாலைகள் இங்கே கிடையாது. ஒரே ரேம்பில் டிப்பர் ஏறவும் இறங்கவும், அதன் ஓரத்திலேயே ஆட்கள் நடக்கவும் வேண்டியிருக்கிறது; ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழியின் வடிவம் மாறிவிடுகிறது. வண்டி வருவதற்கு முன் அங்கே செய்தவற்றில் சில நமக்கு இப்போதே கைக்கு எட்டக்கூடியவை: நடப்பவருக்குத் தனிப் பாதை, குழிக்குள் யார் இருக்கிறார்கள் என்று வாயிலில் எழுதிவைக்கும் பழக்கம், எல்லா வண்டிக்கும் ஒரே வாக்கி-டாக்கி அலைவரிசை. இவற்றை எங்கள் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நடைபாதைக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

தாழையூத்து, ஓய்வுபெற்ற சுரங்க ஃபோர்மேன்:

இருவருக்கும் நன்றி. கல்லிடைக்குறிச்சித் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். சாலையைப் பார்த்துச் சொல்லும் ஆள் ஆபத்து என்று கண்டால், தானே வண்டிகளை நிறுத்த முடியுமா, அல்லது அறையில் இருப்பவரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமா?

கல்லிடைக்குறிச்சி, தற்போது மேற்கு ஆஸ்திரேலியா:

தானே நிறுத்தலாம், அண்ணாச்சி. தானியங்கிப் பகுதிக்குள் வேலை செய்பவர்களிடம் அவசர நிறுத்தக் கருவி இருக்கும்; அதை அழுத்தினால் சுற்றியுள்ள டம்பர்கள் நின்றுவிடும், காரணத்தைப் பிறகு சொன்னால் போதும். நின்ற வண்டிகளை மறுபடி ஓடவைப்பதற்குத்தான் எங்கள் ஒப்புதல் வேண்டும்.