மெருகிட்டும் போகாத சாம்பல் நிழல்: தடுப்பதா, மூடுவதா?

சிறுசுத்தி:
92.5 வெள்ளியில் மோதிரம் செய்தேன். முனைகளை இணைக்கும் பற்றாசு (உருகி ஒட்டும் உலோகம்) உருகச் சூடாக்கியபோது மோதிரம் கறுத்தது. நீர்த்த அமிலத்தில் போட்டதும் வெளுத்தது. மெருகிட்டால் மட்டும் மேகம் படிந்ததுபோல் சாம்பல் நிழல். ஒரு மணி நேரம் தேய்த்தும் போகவில்லை.

தணல்:
அது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. 100 பங்கில் வெள்ளி போக மீதி 7.5 பங்கு பெரும்பாலும் செம்பு. சூட்டில் ஆக்சிஜன் வெள்ளிக்குள் ஊடுருவி அந்தச் செம்போடு சேர்கிறது. மேலிருந்த கறுப்பு ஆக்சைடை அமிலம் கரைத்துவிட்டது. தோலுக்கு அடியில் உருவான சிவப்பு ஆக்சைடை அது எட்டவில்லை. முதல் சூட்டுக்கு முன்பே தடுத்திருக்க வேண்டும். போரிக் அமிலத்தூளை ஸ்பிரிட்டில் கலந்து, நகையை அதில் முக்கி எடுங்கள். ஸ்பிரிட் பாத்திரத்தை மூடித் தொலைவில் வைத்த பிறகே நகைக்குத் தீ வையுங்கள். ஸ்பிரிட் எரிந்ததும் வெண்பூச்சு நிற்கும். மேலும் சூடேறினால் கண்ணாடிபோல் உருகி, காற்றை அண்டவிடாது.

ஊதுகுழல்:
ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்பிரிட்டும் தீயுமா? பட்டறையில் அந்த ஆபத்தை நான் விரும்புவதில்லை. நான் நேர்மாறாகச் செய்கிறேன். வேலை முடிந்த நகையை மென்மையாகச் சூடாக்கி, அமிலத்தில் போட்டு, கழுவி, பித்தளைத் தூரிகையால் தேய்க்கிறேன். நாலைந்து முறை திருப்பிச் செய்தால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோய்த் தூய வெள்ளி மட்டும் மிஞ்சும். நிழல் அதற்கு அடியில் மறைந்துவிடும். வெண்மையும் அழகு.

தணல்:
மறைந்துவிடும் என்று நீங்களே சொல்கிறீர்கள், போய்விடும் என்று சொல்லவில்லை. அந்தத் தூய வெள்ளி மிக மெல்லிய தோல். அதன்மேல் அழுத்தி மெருகிட்டாலே உரிந்துவிடும். நாள்தோறும் உரசும் மோதிரத்தின் விளிம்பில் எத்தனை நாள் தாங்கும்? அணிபவர் கையில் கறை வெளிப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

ஊதுகுழல்:
மோதிரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் செய்பவை பெரும்பாலும் நுண்வேலைப்பாடுள்ள பதக்கங்கள். அந்தப் பள்ளங்களுக்குள் அரமும் உப்புத்தாளும் நுழையாது. நுழைத்தால் வேலைப்பாடே மழுங்கும். பளபளப்பாக மெருகிடாமல் வெண்மையாகவே விட்டுவிடும் பொருளுக்கு என் முறைதான் பொருந்தும்.

தணல்:
பதக்கத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். பூச்சு பூசினாலும் நீண்ட நேரம் சூடாக்கினால் கறை வரும் என்பதும் உண்மை. அதனால் சுடரைப் பெரிதாக, மென்மையாக வைத்து, நகை முழுவதையும் விரைவாகச் சூடேற்றி, பற்றாசு ஓடியதுமே எடுத்துவிடுங்கள். சீறும் கூர்சுடர் ஆக்சிஜனைத்தான் ஊட்டும்.

சிறுசுத்தி:
என் மோதிரத்தை இனி எப்படிக் காப்பாற்றுவது?

தணல்:
வெள்ளைத் தாளருகே பிடித்தால் நிழலின் எல்லை தெரியும். நடுத்தர உப்புத்தாளில் தொடங்கி, நிழல் முற்றும் மறையும்வரை தேய்த்து, பிறகு நுண்தாள், கடைசியில் மெருகு. நீங்கள் தேய்த்த அந்த ஒரு மணி நேரமும் மெருகுச் சக்கரத்தில்தான் போயிருக்கும். நிழலின் ஆழத்துக்கு அது இறங்காது.

ஊதுகுழல்:
அமிலத்துக்குள் இரும்பு இடுக்கியை மட்டும் விடாதீர்கள். அமிலத்தில் கரைந்திருக்கும் செம்பு வெள்ளிமேல் படிந்து, மோதிரம் சிவந்துவிடும். செம்பு இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.