ஹைப்ரிட் கார்: கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வருமா?

ஈரச்சாலை:
புதுக் கார் வாங்கப் போகிறேன். பெட்ரோலா, ஹைப்ரிடா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டம், பாதிக்கு மேல் நெரிசல். ஹைப்ரிட் விலை அதிகம். அந்த வித்தியாசம் எரிபொருளில் திரும்பி வருமா?

நான்காம்கியர்:
வராது என்பது என் கட்சி. ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டியைத் திணித்து வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஒரு பக்கம், மோட்டார், பேட்டரி, இன்வெர்ட்டர் இன்னொரு பக்கம். பாகம் கூடினால் பழுதும் கூடும். பேட்டரி கைவிடுகிற அன்றைக்கு, மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

பழையசாவி:
எட்டு வருடமாக ஹைப்ரிட் ஓட்டுகிறேன், அதனால் நான் நடுநிலையாளன் இல்லை. ஆனாலும் நண்பர் கூட்டினாரே தவிர, கழிக்கவில்லை. டொயோட்டா பிரியஸ் வகை அமைப்பில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்சும் கிடையாது. இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது, அவ்வளவுதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஏற்பாடு இது. நேற்று முளைத்ததில்லை.

நெரிசலில் உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். தூரத்தில் சிவப்பு விளக்கு. பெடலிலிருந்து காலை எடுத்ததும் டாஷ்போர்டு முள் ‘சார்ஜ்’ பக்கம் சாய்கிறது. மற்ற வண்டியில் பிரேக்கில் சூடாகி வீணாகும் சக்தியில் ஒரு பகுதி இங்கே பேட்டரிக்குள் போகிறது. நின்றதும் இன்ஜின் அணைந்துவிடும், ஏசி பாட்டுக்கு ஓடும். பச்சை விழுந்ததும் மோட்டார்தான் நகர்த்தும். நிற்கிற வண்டியைக் கிளப்புவதில்தான் பெட்ரோல் இன்ஜின் அதிகம் திணறும். அந்த வேலையே அதற்கு இல்லாமல் போகிறது.

நான்காம்கியர்:
நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது? பிரேக்கே பிடிக்காதபோது எதை மீட்பது? பேட்டரி வெறும் சுமை. மோட்டார் அவ்வளவு நல்லதென்றால் முழு மின்சாரக் காரே வாங்கிவிடலாமே!

பழையசாவி:
நெடுஞ்சாலையில் லாபம் சுருங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியோடு போகாது. பல ஹைப்ரிட்களில் அட்கின்சன் சுழற்சி இன்ஜின் இருக்கிறது: காற்று உள்ளே வரும் வால்வு தாமதமாக மூடும், எரிந்த வாயு விரியும் தூரம் அழுத்தப்பட்ட தூரத்தைவிட நீளம். இன்ஜினின் இழுக்கும் வலு குறையும், சிக்கனம் கூடும். குறைகிற வலுவை மோட்டார் ஈடுகட்டும். மின்சாரக் கார் அருமைதான், வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால். அடுக்குமாடியில் நான்காவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட முடியுமா?

கிரீஸ்கை:
இரண்டு பேருக்கும் நடுவே வருகிறேன், பட்டறைக்காரன். ‘ஹைப்ரிட் செத்துவிட்டது’ என்று கட்டி இழுத்து வந்த வண்டிகளில் பல, சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்த கேஸ்தான். பெரிய பேட்டரியை விளிம்புவரை நிரப்பவும் விடாமல், காலியாகவும் விடாமல் கம்ப்யூட்டர் நடுவிலேயே வைத்திருக்கும். அது நீண்ட நாள் உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதைக் கொல்வது சூடு. பல மாடல்களில் பின்சீட் ஓரம் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு காற்றுத் துவாரமும் விசிறியும் இருக்கும். அதன் மேல் பையைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒருமுறை அந்த விசிறியைக் கழற்றினேன், நாய் முடி கம்பளி மாதிரி சுருண்டு வந்தது. உரிமையாளருக்கு அங்கே விசிறி இருப்பதே தெரியாது.

பிரேக் பேட் நீண்ட நாள் வரும், உண்மை. ஆனால் அதிகம் வேலை இல்லாததால், பேடை அழுத்தும் காலிபர் நகர உதவும் பின் இறுகிப்போகும். தேயவில்லை என்று பார்க்காமலே விட்டுவிடாதீர்கள்.

நான்காம்கியர்:
சரி, பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் பெயர் மோசடி? ‘மைல்ட் ஹைப்ரிட்’ என்று விற்பதில் பெரும்பாலானவை மோட்டாரில் மட்டும் நகரவே நகராது. இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவே. வெளியே பிளக்கில் சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கிவிட்டு சார்ஜே போடாமல் பெரிய பேட்டரியைச் சுமந்து திரிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழையசாவி:
இதில் சண்டையே இல்லை. நான் பேசுவது மோட்டாரில் மட்டுமே நகரவும் முடிகிற, பிளக் தேவைப்படாத முழு ஹைப்ரிட் பற்றி மட்டும்.

ஈரச்சாலை:
இன்று வேலைக்குப் போகும்போது எண்ணிப் பார்த்தேன். ஒரு வழியில் 23 முறை நின்றேன்.

நான்காம்கியர்:
23-ஆ! அப்படியானால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். முழு ஹைப்ரிடாகப் பார்த்து எடுங்கள். பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கிரீஸ்கை:
வீட்டில் நாய் உண்டா?

ஈரச்சாலை:
பூனை. மூன்று.

கிரீஸ்கை:
அந்த விசிறி எங்கே இருக்கிறது என்று வண்டி எடுக்கும் அன்றே காட்டச் சொல்லுங்கள்.