மறு: மியூசிக் டிஸ்கவரி – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ‘மியூசிக் டிஸ்கவரி’, அதாவது நாம் இதுவரை கேட்டிராத பாட்டு நம்மை வந்து சேர்வது, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘இசைக் கண்டுபிடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

வேறு மாதிரி புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை, ஐயா. ‘இந்த ஆண்டின் என் இசைக் கண்டுபிடிப்புகள்’ என்று தலைப்பிட்டு நண்பர் ஒருவருக்குப் பட்டியல் அனுப்பினேன். ‘ஏதாவது வாத்தியம் செய்தீர்களா?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். 1877-இல் எடிசன் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் போனோகிராஃபைச் செய்தாரே, அது கண்டுபிடிப்பு. என்றோ யாரோ பாடி வைத்த பாட்டு இப்போது என் காதுக்கு வந்து சேர்ந்ததை அந்தச் சொல்லில் அடைக்க முடியாது.

> ‘புதுவரவு’ போதாதா?

புதுவரவு என்றால் இப்போதுதான் வெளியானது, எல்லாருக்குமே புதிது. எனக்கு மட்டும் புதிது என்பதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. ஜனவரியிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்: தேதி, பாட்டு, யார் சொன்னது. இதுவரை 41 பாட்டுகள். இந்த ஆண்டு வெளிவந்தவை அதில் 12தான். மார்ச்சில் எழுதிய ஒரு வரி: ‘பேருந்து. முன் இருக்கைக்காரர் போன். பெண் குரல், புல்லாங்குழல். பெயர் தெரியாது.’ பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியை நான் திறப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். மூன்று மாதம் கழித்து அத்தை துணி மடித்துக்கொண்டே அதே மெட்டை முணுமுணுத்தார். கேட்டதும் பெயரைச் சொல்லிவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டு! அதைப் புதுவரவு என்று எப்படி எழுதுவது? ஆனால் இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பாட்டுகளில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

அதனால் என் முன்மொழிவு: செவிவரவு.

நல்வரவு, புதுவரவு என்று புழங்கும் சொல்தான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்டுச்சொல்லும் எளிதாக அமைகிறது: செவிவரவுப் பட்டியல், ஆண்டுச் செவிவரவு. ஸ்பாட்டிஃபை இசைச் செயலி 2015 முதல் திங்கட்கிழமைதோறும் 30 பாட்டுகள் தருகிறதே, டிஸ்கவர் வீக்லி, அதை ‘வாரச் செவிவரவு’ என்று சொல்லிப் பாருங்கள், பொருந்துகிறது. வினை வேண்டுமென்றால் ‘இந்த வாரம் இரண்டு பாட்டு வரவு வைத்தேன்’ எனலாம். கணக்கு நோட்டிலிருந்து வந்த பேச்சு என்பதால் எனக்கு இது இன்னும் பிடிக்கிறது.

‘செவிச்செல்வம்’ அழகான சொல். ஆனால் குறளில் அது கேள்விஞானத்தைக் குறித்து நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

‘கண்டடைவு’ என்று எழுதிய அம்மாவுக்கு: உங்கள் சொல்லைத்தான் அதிக நேரம் யோசித்தேன். ‘கண்டு’ என்பதில் கண் இருப்பது குறையே இல்லை, சுவைத்தும் காண்கிறோமே. ஆனால் கண்டடைதலில் தேடல் இருக்கிறது. என் நோட்டில் பாதிக்கு மேல் நான் தேடாமலே வந்தவை. அப்புறம் இன்னொன்று. செயலியில் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்கும்போது என் சொல் உதவாது, அங்கே ஏவல் வினை வேண்டும். ‘கண்டடை’ என்று எழுதினால் விரல் தானாகப் போகும். எனவே பொத்தானுக்குக் கண்டடை, கிடைத்த பாட்டுக்குச் செவிவரவு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு எண்ணமும் உண்டு, அதைத் தனி இழையில் பேசலாம். செயலி காட்டுவதையும் அத்தை சொன்னதையும் ‘பரிந்துரை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் கண்ட பாணனிடம் ‘அங்கே போ’ என்று சொல்வதற்கு நம்மிடம் ஆற்றுப்படை இருக்கிறது. மனிதர் மனிதருக்குச் சொல்வதை ‘பாட்டாற்றுப்படை’ என்றால் என்ன?

விக்சனரி இணைய அகராதியில் சேர்ப்பதற்கு முன் மாற்றுக் கருத்துகளைச் சொல்லுங்கள். நோட்டின் அட்டையில் ‘செவிவரவு’ என்று இப்போதைக்குப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்.