சுற்றுலாக் கப்பலில் கடைசி நேரத்துப் பெரிய அறை: கிடைத்தவர்கள் சொல்லுங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் கிளம்ப இன்னும் 18 நாள். நான், அம்மா, என் பெண் என்று மூன்று பேர். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நேராக நடப்பதில் தொந்தரவு இல்லை, குறுகலான இடத்தில் திரும்புவதுதான் கஷ்டம். நாங்கள் போட்டிருந்தது சாதாரண பால்கனி அறை, ஏறக்குறைய 180 சதுர அடி. படத்தில் பார்த்தால் ஹால் மாதிரி தெரியும். எனக்குச் சந்தேகம் வந்து, நீள அகலத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுத் தரையில் டேப் ஒட்டிப் பார்த்தேன். கட்டில் இங்கே, சோபா இங்கே, மேசை இங்கே. ராத்திரி பெண் படுக்க சோபாவை விரித்துவிட்டால் நடக்க ஒரு ஜாண்தான் மிச்சம். அம்மா டேப்புக்குள் போய் நின்று, ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுல மூணு பேர் இருந்தா ஒருத்தர் கடல்லதான் படுக்கணும்" என்றாள்.

"சூட் கிடைக்குதான்னு பாக்கறேன்மா" என்றேன்.

"கோட்டு சூட்டெல்லாம் எனக்கு எதுக்குடி?"

நான் சொன்ன சூட், கப்பலில் இருக்கிற பெரிய வகை அறை. சரி, தேடல் கதைக்கு வருகிறேன். கடைசி நேரம் என்றால் கிளம்புகிற வாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாக்கிப் பணம் கட்டக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு. கப்பலையும் பயண நாளையும் பொறுத்து, கிளம்புவதற்கு 75 நாளிலிருந்து 120 நாள் வரை முன்னால் அது வரும். முன்பணம் கட்டிவிட்டு மனம் மாறியவர்கள் அந்தத் தேதிக்குள்தான் கழன்றுகொள்வார்கள். குழுப் பயணத்துக்கென்று ஏஜென்ட்கள் பிடித்து வைத்திருந்த அறைகளில் விற்காதவையும் அதை ஒட்டித் திரும்பி வரும். அந்த அலையை நான் தவறவிட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான். ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கேன்சல் செய்தால் பிடித்துக்கொள்ளும் தொகை படிப்படியாக ஏறும். பாதி போகும், முக்கால் போகும், ஒரு தேதிக்கு மேல் முழுசும் போகும். போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த படி ஏறுவதற்கு முதல் நாள்தான் முடிவெடுப்பார்கள். எங்கள் புக்கிங் தாளிலேயே அந்தத் தேதிகள் பொடி எழுத்தில் இருந்தன. எங்களுக்கு மிச்சமிருந்த தேதிக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு சூட் தெரிந்தது.

இங்கேதான் ஒரு மர்மம். இரண்டு பேர் என்று போட்டால் அறை தெரிகிறது. மூன்று பேர் என்று போட்டால் மாயமாகிவிடுகிறது. அந்த அறையில் நான்கு பேர் தங்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்! போனில் கேட்டால் "சிஸ்டம் ஏத்துக்கல மேடம்". இரண்டு நாள் கழித்து அதே அறை மூன்று பேருக்கும் திறந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

புதிதாக எடுக்கவில்லை, இருந்த புக்கிங்கையே மாற்றச் சொன்னேன். "சூட் என்ன விலை" என்று கேட்காமல் "என் புக்கிங்கை இதுக்கு மாத்தினா வித்தியாசம் எவ்வளவு" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

அறை பெரிதுதான். அம்மா கையை வீசி நடந்தாள். அப்புறம் குளியலறைக் கதவைத் திறந்தாள். பளபளவென்று ஒரு தொட்டி, அதன் விளிம்பு முழங்காலுக்கு மேல். ஷவரும் அந்தத் தொட்டிக்கு உள்ளேதான். பழைய பால்கனி அறையில் சின்ன ஷவர்தான், ஆனால் அரை அடி எட்டு வைத்தால் போதும். அறை சுத்தம் செய்யும் தம்பி எங்கிருந்தோ ஒரு முக்காலி கொண்டுவந்து கொடுத்தார். ஏழு நாளும் அம்மா தொட்டிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, கை ஷவரைப் பிடித்துக்கொண்டுதான் குளித்தாள். தரை முழுக்கத் தண்ணீர். நான் எத்தனை சதுர அடி என்று நூறு தடவை கேட்டேன், குளியலறையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

* * *

அக்கா, எனக்குக் கிடைத்தது ஏலத்தில்.

தெரியாதவர்களுக்கு: ராயல் கரீபியன், நார்வீஜியன், செலிப்ரிட்டி போன்ற கப்பல் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே புக் செய்தவர்களை, மேல் வகை அறைக்கு எவ்வளவு கூடத் தருவீர்கள் என்று கேட்பார்கள். ஒரு தொகையைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சொன்ன தொகைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு முள் மாதிரி காட்டுவார்கள், சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். அதை நம்பி நான் இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். அது நம் தொகையை ஏற்றிவிடத்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நான் செய்த மடத்தனம்: சொன்ன தொகை அறைக்கு என்று நினைத்துவிட்டேன். ஆளுக்கு! கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கார்டில் இரண்டு மடங்கு கழிந்த செய்திதான் முதலில் வந்தது. வாழ்த்து மின்னஞ்சல் அப்புறம்தான். ஏற்றுக்கொண்டபின் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எந்த அறை என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. தொடர்ந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் புள்ளிகளும் பழைய அறைக் கணக்கில்தான்.

ஆனாலும் வருத்தமில்லை. பார்சிலோனாவிலிருந்து மயாமி, அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கிற பயணம். கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் ஓடிய கப்பல்கள் அக்டோபர், நவம்பரில் கரீபியன் பக்கம் இடம் மாறும். ஏப்ரல் வாக்கில் திரும்பி வரும். வழியில் ஊர்கள் குறைவு, வெறும் கடல் நாள்கள் அதிகம், அதனால் கூட்டமும் கட்டணமும் குறைவு. கடைசி நேரத்தில் பெரிய அறை தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரிப் பயணங்களைத்தான். நாள் முழுக்கக் கப்பலிலேயே கிடக்கப் போகிறோம், அறை பெரிதாக இருந்தால் அருமை அங்கேதான் தெரியும். மேற்கே போகப் போகக் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னால் தள்ளுவார்கள். ஆறு நாள் 25 மணி நேர நாள்! கப்பலின் பின்மூலை அறை, பால்கனி இரண்டு பக்கமும் சுற்றிப் போகும். கப்பல் வகிர்ந்துவிட்டுப் போகிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சாயங்காலங்கள் போயின.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். பெட்டிகளில் பழைய அறை எண் போட்ட அட்டையோடு ஏறினோம். பெட்டிகள் நான்கு தளம் கீழே அந்தப் பழைய அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டன. அங்கே வந்திருந்த தம்பதிக்கும் அது அப்கிரேடாம், உள்ளறையிலிருந்து பால்கனிக்கு. கட்டிப்பிடிக்காத குறையாக நன்றி சொன்னார்கள்.

* * *

தனியாகப் போகிறவன் கதையும் ஒன்று இருக்கட்டும். அறைக் கட்டணம் இரண்டு பேர் கணக்கு. ஒருத்தன் போனாலும் பெரும்பாலும் இரண்டு பேர் பணம் கேட்பார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன், சூட் விலை இறங்கவே இல்லை. கடைசியில் அவசரமாக எடுத்த விமான டிக்கெட், கணக்குப் போட்டு வைத்திருந்த மிச்சம் மொத்தத்தையும் தின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத அறையில் போனேன். நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான்.

* * *

முதல் பதிவு போட்ட அக்காவின் மர்மத்துக்கு என்னிடம் விடை இருக்கிறது. ஆறு வருஷம் கப்பல் ரிசப்ஷனில் நின்றவன் நான்.

அது சிஸ்டம் கோளாறு இல்லை, உயிர்காப்புப் படகுக் கணக்கு. ஒவ்வொரு அறைக்கும் ஆபத்து நேரத்தில் ஒன்றுசேர வேண்டிய இடமும் படகும் முன்கூட்டியே ஒதுக்கியிருக்கும். படகில் இத்தனை பேர் என்பதற்கு மேல் ஒரு தலைகூட ஏற்ற முடியாது. ஒரு பகுதியில் நிறைய அறைகளில் குழந்தைகளோடு மூன்று பேர், நான்கு பேர் என்று வந்துவிட்டால் அந்தப் படகு நிரம்பிவிடும். அப்புறம் அந்தப் பக்கத்து அறையில் நான்கு கட்டில் இருந்தாலும் இரண்டு பேருக்குத்தான் விற்க முடியும். உங்களுக்குத் திறந்தது ஏன் என்றால், அதே பகுதியில் யாரோ கேன்சல் செய்திருப்பார்கள். பள்ளி விடுமுறையில் இது ரொம்ப நடக்கும். மூன்று பேருக்கு மேல் போகிறவர்கள் கடைசி நேரத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. துறைமுகத்தில் வந்து நின்று "காலி அறை இருக்கா" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயணிகள் பட்டியல் முன்கூட்டியே அதிகாரிகளுக்குப் போய்விடும். பாதிக் கப்பல் காலியாக இருந்தாலும் அப்படியே ஏற முடியாது. ஏற்கெனவே புக் செய்து ஏறியவர்கள் கேட்கலாம். முதல் நாள் சாயங்காலம் எங்கள் கவுன்டரில் பெட்டி காணோம், சாவி அட்டை திறக்கலை என்று வரிசை வாசல்வரை நிற்கும். அப்போது வந்து அப்கிரேடு கேட்டால் "பாக்கறோம்" என்போம், பார்க்க மாட்டோம். யார் யார் வரவில்லை என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் எங்களுக்கே உறுதியாகும். மறுநாள் காலை உணவு நேரத்தில், கூட்டம் இல்லாதபோது வந்து கேளுங்கள். இருந்தால் மீதி நாள்களுக்கு ஒரு தொகை சொல்வார்கள். இல்லாவிட்டால் இல்லை.

பெரிய அறை என்றவுடன் சிலர் குயின் மேரி 2 கப்பலின் இரண்டு மாடி அறைகளைக் கேட்பார்கள், அதில் பெரியது 2,249 சதுர அடி. ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் மூன்று மாடி அறையே இருக்கிறது, உள்ளேயே சறுக்குமரம். அதெல்லாம் ஒரு கப்பலில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கடைசி நேரத்தில் அகப்படுவது பெரும்பாலும் நடுத்தரமான சூட்கள்தான்.

* * *

மேலே சொன்னவர் ரிசப்ஷனில் நின்றவர் என்பதால் இதையும் அவர் சொல்லியிருக்கலாம். முன்பக்கத்து சூட் மலிவாக வந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் மூக்கில், கடலை நேராகப் பார்க்கிற கண்ணாடி. பகலில் கேப்டனே நான்தான் என்கிற மாதிரி இருந்தது. மேசை மேல் ஒரு அட்டை: இருட்டியதும் திரைச்சீலையை முழுக்க மூடிவிடவும். எங்கள் வெளிச்சம் முன்னால் விழுந்தால், மாலுமிகள் இருட்டில் கடலைப் பார்ப்பதற்கு இடைஞ்சலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடிக்காகத்தானே எடுத்தோம்! இரண்டாவது ராத்திரி அலை எழுந்தபோது மூக்கு ஏறி ஏறி இறங்கியது. என் வீட்டுக்காரர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். அங்கே சூட்கள் குறைவு. அப்புறம் தள வரைபடத்தைப் பிரித்து உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில்தான் எழுந்திருப்பீர்கள்.

* * *

அக்கா, உங்கள் அம்மாவுக்குச் சரியான அறை வேறு. சக்கர நாற்காலி போகிற மாதிரி கட்டிய அறைகள் எல்லா வகையிலும் கொஞ்சம் இருக்கும், பல கப்பல்களில் சூட்டிலும் உண்டு. கதவு அகலம், குளியலறையில் தொட்டி இல்லை, வாசல்படிகூட இல்லை, மடிகிற இருக்கை, கைப்பிடி. அறையும் பக்கத்து அறையைவிடப் பெரிதாக இருக்கும். அந்த வகையில் மற்ற அறைகள் விற்ற பிறகுதான் இவற்றைப் பொதுவாக மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், நாங்கள் "எந்த அறையானாலும் சரி, இந்த வகையில் ஒன்று" என்று எண் ஒதுக்காமல் எடுத்திருந்தோம். கடைசி வாரம் ஒதுக்கியது அதுதான். எங்களுக்கு அந்த வசதி எதுவும் தேவையில்லை. உள்ளே போனதும் கொஞ்சம் உறுத்தியது. தேவைப்படுகிற ஒருவர் வந்தால் உங்களை மாற்றுவோம் என்று முன்பே எழுதியிருந்தார்கள், யாரும் வரவில்லை. நீங்கள் புக் செய்யும்போதே அம்மாவின் முழங்காலைச் சொல்லிவிடுங்கள். அதற்கென்று ஒரு படிவம் தருவார்கள்.

* * *

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன படகுக் கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே சொன்னேன்ல, மூணாவது ஆளுக்குக் கடல்தான்னு."