புதுப்பிப்பு: பழைய 207-க்கு சீட் மாற்றியாச்சு

போன மாசம் என் பழைய டாடா 207 பிக்கப்புக்கு ஸ்கார்ப்பியோ சீட் ரெண்டும் நடு கன்சோலும் (ரெண்டு சீட்டுக்கும் நடுவில் வரும் பெட்டி) கும்பகோணத்தில் வாங்கி, போல்ட் ஓட்டை பொருந்தாமல் முழித்ததை எழுதியிருந்தேன் இல்லையா? முடிந்தது.

பழைய பெஞ்ச் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு படி நெல், அதுக்குக் கீழே துரு. தரையை ஒட்டு வைத்துவிட்டு, பழைய போல்ட் ஓட்டையிலேயே 5 மி.மீ. இரும்புப் பட்டை இறுக்கி அதன்மேல் சீட் நகரும் ரெயிலை மாட்டினோம். ரெண்டாவது கியர் போட்டால் குச்சி கன்சோலில் இடித்தது. ரெண்டு விரல் அகலம் அறுத்து, வெட்டின ஓரத்தில் சைக்கிள் டியூப் ஒட்டினேன். அசிங்கம்தான், இடிக்கவில்லை.

மூணு பேர் இடம் ரெண்டாச்சு. ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்று) இதை மாற்றணுமான்னு ஆர்டிஓ ஆபீஸில் கேட்கணும். அதுக்கு முன்னாடி அப்பா கேட்டுட்டார்: "தஞ்சாவூர் போனா அம்மாவை எங்கடா உட்கார வைப்பே?"