டிரான்ஸ்பருக்கு முன்னால் புள்ளி சரிந்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல் பிள்ளை:
ஏ.டி.பி., அதாவது முதல் பகுதியை மலேசியாவில் படித்துவிட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் பட்டப்படிப்பு, படித்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். மூன்றாவது செமஸ்டரில் என் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 3.8லிருந்து 2.4க்கு இறங்கிவிட்டது. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த நேரம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அண்ணன் சிங்கப்பூரில். நான்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். சுபாங் கல்லூரியில் காலை வகுப்பு பாதிக்குமேல் போய்விட்டது.

அம்மா ஒவ்வொரு ரிசல்ட்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசுவார். இந்த முறை நான் கொடுக்கவில்லை. அவரே பையிலிருந்து எடுத்துவிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எண்ணின் மேல் விரலை வைத்து, "இது ரெண்டா, மூணா?" என்றார். "ரெண்டும்மா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் அதே இடத்தில் வைத்து, அதே மாதிரி பூசினார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மார்ச்சில் விண்ணப்பம். புள்ளி சரிந்த காரணத்தை அதில் எழுதுவதா, வேண்டாமா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
எனக்கு கால்குலஸ் 2. முதல் தேர்வில் 38. பாடத்தை விட்டு விலகும் பாரத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். விரிவுரையாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஒருநாளாவது என் அறைக்கு வந்து சந்தேகம் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. அப்புறம் பேனாவைத் திறந்து போட்டுக்கொடுத்தார். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், பாடத்தை விட்டதைக் காட்டும் அந்த டபிள்யூவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. அக்கா, காரணம் எதுவும் எழுதாதீர்கள். அடுத்த செமஸ்டர் புள்ளியே பேசட்டும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
தம்பி, தப்பான வழி காட்டாதே. உனக்கு ஒரு பாடம் போனது. அந்தத் தங்கச்சிக்கு ஒரு செமஸ்டரே போயிருக்கிறது. ஒரு வார்த்தையும் சொல்லாவிட்டால் படிப்பில் அக்கறை இல்லை என்றுதான் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் நினைப்பார்.

என் கதை சின்னது. ஒரு பாடத்தில் டி கிரேடு. இடம் கிடைத்த பிறகு, ஃபெர்ரியில் நின்றுகொண்டு அவர்கள் ஏற்றுக்கொண்ட பாடங்களின் கிரெடிட் பட்டியலைத் திறந்தேன். எல்லாம் இருந்தது, அந்த ஒன்று மட்டும் இல்லை. சி கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடத்தைப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. அங்கே போனதும் பெரும்பாலும் ஜிபிஏ புதிதாகத்தான் தொடங்கும், ஆனால் உள்ளே எடுப்பதற்குப் பார்ப்பது இந்தப் பழைய புள்ளியைத்தான்.

தங்கச்சி, பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் கூடுதல் தகவலுக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே எழுது. விண்ணப்பக் கட்டுரையை இதற்குச் செலவழிக்காதே. எந்த மாதம் என்ன நடந்தது, இப்போது யார் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவு போதும். சில பல்கலைக்கழகங்கள் மிட் டேர்ம் ரிப்போர்ட் கேட்கும். நடக்கிற செமஸ்டரில் எப்படிப் போகிறது என்று அதில் விரிவுரையாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு அதுதான் பலம், இப்போதே போய்ப் பேசு. யூ.சி. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வேறு கணக்கு: விண்ணப்பம் இலையுதிர்காலத்திலேயே போய்விடும், புதிய புள்ளிகளை ஜனவரியில் சேர்க்கலாம். வேறு கல்லூரியில் ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அந்த டிரான்ஸ்கிரிப்டை மறைக்காதே. பிறகு தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கோலாலம்பூரில் எஜுகேஷன்யுஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் கல்வி வழிகாட்டு அமைப்பின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் ஒருமுறை போய்ப் பார்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
அண்ணா, நான் மறைக்கச் சொல்லவில்லை. அழுது எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அப்பா விஷயத்தை நான் யோசிக்கவில்லை, சரி.

செராஸ் அம்மா:
நான் படிக்கிற பிள்ளை இல்லை, பெற்றவள். என் மகன் ரிசல்ட்டை இரண்டு மாதம் மோட்டார் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தபோது மை கரைந்து எண்ணே தெரியவில்லை. எத்தனை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது. மகளே, உன் அம்மா திருநீறு பூசியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செந்தூல் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. இன்று அப்பா உள்ளே இருந்த நான்கு மணி நேரமும் சென்டர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். கடைசியில் ஆறு வரிதான் வந்தது. அண்ணன் அடுத்த மாதம் திரும்பி வருகிறார், அதையும் சேர்த்திருக்கிறேன். வியாழக்கிழமை மிட் டேர்ம் பாரத்தோடு விரிவுரையாளரைப் பார்க்கிறேன்.