கென்ரோகுஎன் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

கேள்வி:
நவம்பர் நடுவில் அம்மாவுடன் ஜப்பானின் கனசாவா நகருக்குச் செல்கிறேன். கென்ரோகுஎன் தோட்டத்துக்கு ஒரு மணி நேரமே ஒதுக்கியிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் மெதுவாகத்தான் நடப்பார். எல்லாப் படங்களிலும் வருகிற இரட்டைக்கால் கல்விளக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

மறுமொழி 1:
அரை நாளாவது ஒதுக்குங்கள். மாயெதா குலத்துச் சிற்றரசர்கள் 1676 முதல் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய இந்தத் தோட்டம் ஏறத்தாழ 11.4 ஹெக்டேர் பரப்புள்ளது. எங்கே நின்று பார்த்தாலும் முழுவதும் கண்ணில் படாதபடி அமைத்திருக்கிறார்கள். பாதை வளையும் இடத்தில் மரங்கள் குளத்தை மறைத்துவிடும். சிறிது தூரம் நடந்தால் அதே குளம் வேறொரு கோலத்தில் எதிரே விரியும். அம்மாவின் நடைதான் இதற்கு ஏற்ற நடை. நீங்கள் சொல்லும் விளக்கு, கோத்தோ என்னும் இசைக்கருவியில் தந்தியைத் தாங்கும் குதிரை என்னும் சிறு கட்டையைப் போன்றிருப்பதால் கோத்தோஜி என்று பெயர் பெற்றது. அதன் ஒரு கால் நீரிலும், குட்டையான மறுகால் கரைக்கல்லிலும் ஊன்றியிருப்பதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள்.

மறுமொழி 2:
நவம்பர் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அப்பகுதியில் பெய்யும் பனி ஈரமும் கனமும் மிக்கது என்பதால், கிளைகள் முறியாதிருக்க ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். இதற்கு யுகித்சூரி என்று பெயர். பீவா ஏரிக்கரையிலுள்ள கராசாகியிலிருந்து கொண்டுவந்த விதையில் வளர்ந்த பெரிய பைன் மரத்தைச் சுற்றி உயரமான கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே கயிறு இறக்கியிருப்பார்கள். அதன் அருகில் நான் வெகுநேரம் நின்றேன். நூறாண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரத்தின் மெல்லிய நுனிக்கிளைக்கும் ஒரு கயிறு இருந்ததைக் கண்டபோது மனம் நெகிழ்ந்தது.

மறுமொழி 3:
பாதைகள் பெரும்பாலும் சரளைக்கல் பரப்பியவை, சரிவுகளும் உண்டு. அம்மாவுக்கு அடிப்பகுதி தடித்த காலணி நல்லது. பாதி வழியில் ஷிகுரேத்தேய் தேநீரகத்தில் அமர்ந்து பச்சைத் தேநீர் அருந்தலாம். நீரூற்றையும் தவறவிடாதீர்கள்; மேட்டிலுள்ள கசுமிகா குளத்துக்கும் அதற்கும் உள்ள மட்ட வேறுபாட்டின் அழுத்தத்தாலேயே, எந்த எந்திரமும் இன்றி நீர் மேலெழுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அன்று பிற்பகலுக்கு வைத்திருந்த கடைவீதிப் பயணத்தை மறுநாளுக்கு மாற்றிவிட்டேன். காலையில் தோட்டம் திறந்ததுமே உள்ளே செல்கிறோம்.